புதுப்பிப்பு: இதழுக்குச் சிறுகதை அனுப்பும் கோப்பு

சிறுகதையை வேர்டு கோப்பாக அனுப்பச் சொல்லியிருந்தேன். பிடிஎஃப் ஏன் கூடாது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘கொடி’ உடைந்து நிற்கும். அதை உட்கார்ந்து திருத்த இதழில் யாருக்கும் நேரமில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் வேண்டாம். எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ‘அம்மா’கூட ஆங்கில எழுத்துக் குவியல்தான். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாத யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யுங்கள்.

கோப்புக்கு ‘சிறுகதை ஃபைனல் 2’ என்று பெயர் வைத்தால் யாருடையதென்று எப்படித் தேடுவது? தலைப்பும் உங்கள் பெயரும் போதும். முகவரி, கைபேசி எண் கதையின் கடைசியில் இருக்கட்டும்; கோப்பு மின்னஞ்சலை விட்டுத் தனியே சுற்றும். போட்டிக்கு மட்டும் நேர்மாறு: பெயர் தெரிந்தாலே நீக்கும் போட்டிகள் உண்டு, விதிகளைப் படியுங்கள். முகநூலில் போட்ட கதையையும் பல இதழ்கள் வெளியானதாகவே கருதும்.