விழுப்புரம் பந்தயம்: அன்று காலை கூடைகளைத் திறந்தது சரியா?

பூதப்பாண்டி மாடி

என் மாடியில் எங்கு விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் புறாக்கள் மொத்தம் 22 இருக்கின்றன. மார்ச் கடைசி ஞாயிறன்று விழுப்புரத்திலிருந்து நடந்த பந்தயத்துக்கு அவற்றில் ஆறைக் கொடுத்தேன். நேர்கோட்டில் என் வீடு வரை சுமார் 460 கிலோமீட்டர். காலை 6.30க்குக் கூடைகளைத் திறந்துவிட்டார்கள். நல்ல நாளாக இருந்தால் பகல் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் முதல் புறா வந்திருக்க வேண்டும். நான் பன்னிரண்டு மணிக்கே மாடிக்கு ஏறிவிட்டேன்.

முதலில் வந்த செக்கர் (சிறகில் கட்டம் போட்ட) ஆண் சேர்ந்தது மாலை 5.05க்கு. இறங்கும் பலகையில் கால் ஊன்ற முடியாமல் மார்பு படிய விழுந்தது. வேகம் நிமிடத்துக்கு 724 மீட்டர். அடுத்தது 6.20க்கு, பொழுது அடையும் நேரத்தில். மூன்றாவது மறுநாள் காலை எட்டு மணிக்கு அடிவயிற்றில் கிழிசலோடு வந்து சேர்ந்தது. மற்ற மூன்றும் வரவில்லை. இன்று ஐந்தாம் நாள்.

தோற்றதற்காக இதை எழுதவில்லை. புறாக்களை ஏற்றிச் சென்ற லாரியோடு போன நண்பர் அனுப்பிய காணொளியை நாலைந்து முறை பார்த்துவிட்டேன். அடர்ந்த பனிமூட்டம். ஐம்பதடி தள்ளி நிற்கும் பனைமரம் நிழல்போலத் தெரிகிறது. அந்த மூட்டத்துக்குள்தான் நூற்றுக்கணக்கான புறாக்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேலே எழுந்த கூட்டம் திசை பிடிக்காமல் கால் மணி நேரம் வட்டமடிக்கும் சிறகொலை கேட்கிறது, கூட்டம் கண்ணில் படவில்லை. தெற்கே காற்று எப்படி இருக்கிறது என்று யாரும் நம் பக்கம் கேட்கவும் இல்லை. மூட்டம் விலகும் வரை காத்திருக்க ஏன் முடியவில்லை?

கோட்டாறு புறாக்காரர்

தம்பி, உன் வருத்தம் எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக நானும் அந்தி வரை வானத்தைப் பார்த்து நின்றவன்தான். ஆனால் நீ கேட்பதில் கணக்கு இடிக்கிறது.

ஒன்பது மணி வரை காத்திருந்ததாகவே வைத்துக்கொள்வோம். உன் முதல் புறா பறந்த நேரம் 10 மணி 35 நிமிடம். ஒன்பது மணிக்குப் புறப்பட்டிருந்தால் இரவு 7.35 ஆகியிருக்கும். இருட்டில் புறா பறக்காது. உனக்கு அன்று வந்த இரண்டும் வராமலே போயிருக்கும். அதோடு, காலைக் குளிர்ச்சியில் கடந்த தூரத்தையும் வெயிலில் கடக்க வேண்டி வந்திருக்கும். மதுரைக்குத் தெற்கே கோவில்பட்டி வரை கரிசல் பூமி, மார்ச் மாதத்தில் குளமெல்லாம் வறண்டு கிடக்கிறது. தண்ணீருக்கு எங்கே இறங்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் ஆறில் இரண்டு ஓராண்டுப் புறாக்கள். திருச்சியிலிருந்து 310 கிலோமீட்டர் பறந்து வந்து எட்டே நாளில் அவற்றை மறுபடி கூடையில் வைத்தாய். உடம்பு தேறியிருக்குமா? பறக்கவிட்டவரைக் குறை சொல்லும் முன் உன் கூண்டைப் பார்.

பூதப்பாண்டி மாடி

அண்ணாச்சி, ஓராண்டுப் புறாக்கள் இரண்டும் வந்துவிட்டன. 6.20க்கு வந்ததும் மறுநாள் வந்ததும் அவைதான். வராத மூன்றும் மூன்று வயதுக்கு மேற்பட்டவை. போன ஆண்டு இதே விழுப்புரத்திலிருந்து பகல் இரண்டு மணிக்குள் வந்தவை. அவற்றுக்கு வழி தெரியாது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

கணக்கை ஏற்கிறேன். அப்படியென்றால் அன்று திறந்திருக்கவே கூடாது, மறுநாளுக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

கோட்டாறு புறாக்காரர்

தள்ளலாம் என்று மாடியிலிருந்து சொல்வது எளிது. வெள்ளி மாலை கூடையில் ஏறிய புறாக்கள் அவை. ஏற்கெனவே இரண்டு இரவுகள் ஆகிவிட்டன. மூன்றாவது இரவும் நெருக்கியடித்து நின்றால் ஆண்கள் கொத்திக்கொள்ளும், நடுவில் நிற்பவற்றுக்குத் தண்ணீர்க் குழாய் எட்டாது, பகல் முழுதும் லாரித் தகரம் கொதிக்கும். அதன்பின் திங்களன்று திறந்தால் 460 கிலோமீட்டரைத் தாங்குமா?

மூட்டத்தையே காரணமாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் கீட்டன் என்ற ஆய்வாளர் 1971இல் வெளியிட்ட சோதனையைப் படித்துப் பார். வானம் முழுக்க மூடிய நாளிலும் பழகிய புறாக்கள் வீட்டுத் திசையைப் பிடித்தன. முதுகில் காந்தத் துண்டு ஒட்டப்பட்டவைதான் தடுமாறின. சூரியன் தெரியாவிட்டால் பூமியின் காந்தப் புலத்தை வைத்துப் புறா வழி பார்க்கும்.

தெளிந்த காலையில் புறப்பட்டும் தொலைந்த கூட்டம் உண்டு. 1997 ஜூன் 29 அன்று பிரான்சின் நாந்த் நகரிலிருந்து இங்கிலாந்துக்கு 60,000க்கும் மேற்பட்ட புறாக்களை விட்டார்கள். பெரும்பாலானவை வீடு திரும்பவில்லை. வானிலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒலியை விட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானத்தின் அதிர்வொலி அவற்றைக் குழப்பியிருக்கலாம் என்று ஜோனதன் ஹாக்ஸ்ட்ரம் என்ற புவி இயற்பியலாளர் பின்னால் ஒரு விளக்கம் தந்தார். அங்கே யாரைக் குற்றவாளி ஆக்குவாய்?

பணகுடி காற்று

நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். புறா வளர்ப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பணியில் இருந்ததால் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

தென்மேற்குப் பருவம் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் அன்று பகல் ஒரு மணிக்கு மேல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று திடீரென்று பலத்தது. தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். நான்கு மணி வாக்கில் இரண்டு புறாக்கள் வள்ளியூர் பக்கமிருந்து வந்தன. வழக்கமாக உயரத்தில் பறக்கும் பறவைகள், அன்று நெடுஞ்சாலையை ஒட்டி, மின்கம்பி உயரத்துக்கும் கீழே, காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. ஒன்று தாண்டிவிட்டது. மற்றது மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, காவல்கிணறு பக்கம் திரும்பிப் போனது. அந்தத் தாழ்வில் கம்பி இருக்கிறது. மலை ஓரத்தில் வல்லூறும் இருக்கிறது.

பூதப்பாண்டி மாடி

நன்றி அண்ணே. தாண்டிய அந்த ஒன்று என் செக்கர் ஆணாகக்கூட இருக்கலாம்.

கோட்டாறு அண்ணாச்சி, கீட்டனின் புறாக்களுக்கு மேலேதான் மேகம். கீழே தரை தெரிந்தது, எதிரே மரம் தெரிந்தது. பனிமூட்டம் வேறு. மேலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலை உங்களுக்குத் தெரியாததா? லாரியில் ஏறுவதில் பெரும்பகுதி தூத்துக்குடி, திருநெல்வேலிப் புறாக்கள். மூட்டத்தில் திகைத்த புறா பெரிய கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டம் அதைக் கிழக்கே இழுத்துச் செல்லும். அங்கிருந்து பிரிந்து, தனியாக மலை ஓரம் பிடித்து, கணவாய்க்குள் நுழைந்து பூதப்பாண்டிக்கு வர வேண்டும். அதற்குள் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, எதிர்காற்று எழுந்துவிட்டது. காலையில் இழந்த நேரம் மாலையில் உயிரைக் கேட்கிறது. நாற்பது புறாக்களைக் கொடுப்பவர் பதினைந்தை இழந்தாலும் பரிசு வாங்குவார். எனக்கு மூன்று போனால் நான்கு ஆண்டு உழைப்பு போயிற்று.

குளச்சல் கடற்கரை

இருவரும் மணிக்கணக்கும் மீட்டர் கணக்கும் பேசுகிறீர்கள். நான் அந்தப் பக்கத்தில் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மொட்டை மாடியில் காலில் வளையத்தோடு ஒரு புறா வந்து விழுந்தது. நிலத்தை விட்டுக் கடல் வரை வந்துவிட்ட புறா. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், அலகை முழுக்க முக்கி நிறுத்தாமல் உறிஞ்சியது. வளையத்தில் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தேன். உரிமையாளர் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார். சொன்னேன். ‘இனி அது எனக்கு உதவாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் துண்டித்தார். வழி தவறியது அந்தப் புறாவின் குற்றமா? யாரும் இதை விளையாட்டு என்று சொன்னால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. நிறுத்துங்கள் என்பதுதான் என் கட்சி.

கோட்டாறு புறாக்காரர்

அப்படிச் சொன்னவர் புறாக்காரரே அல்ல, அம்மா. அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் ஒருவருடைய ஈரமில்லாத நெஞ்சுக்காக எல்லோரையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். பயிறும் கம்பும் அரைவயிற்றுக்கு வாங்க முடியாத காலத்திலும் புறாவுக்கு மக்காச்சோளம் வாங்கிப் போட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒடிசா காவல்துறை 1946இல் கோராபுட்டில் புறாத் தபாலைத் தொடங்கியது. வீடு திரும்புவது இந்தப் பறவையின் இயல்பு, நாங்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்தது அல்ல.

குளச்சல் கடற்கரை

இயல்பு என்றால், பூதப்பாண்டி அண்ணன் ஒன்றை மறைக்காமல் சொல்லட்டும். வராத மூன்றில் அடையில் இருந்த பெட்டை உண்டா? முட்டை நினைப்பில் வேகமாக வரும் என்று அடையிலிருந்து எடுத்து அனுப்புவது உங்கள் வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பூதப்பாண்டி மாடி

உண்டு. நீலப் பட்டைப் பெட்டை. பந்தய நாளில் அடை பத்தாம் நாள். அந்த நாளில்தான் பெட்டைக்குக் கூட்டின் மேல் பிடிப்பு அதிகம் என்று எனக்கு முன்னோர் சொல்லித் தந்தார்கள், நானும் அப்படியே செய்தேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, சகோதரி. இனி அடையிலிருந்து எடுத்து அனுப்ப மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூடையில் வைத்தபோதே முட்டைகளை இன்னொரு ஜோடியின் கீழ் மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். ஆணுக்கு மர முட்டைகளை வைத்திருக்கிறேன். புறாக்களில் பகல் அடை ஆணுக்கு, இரவு அடை பெட்டைக்கு. இவன் காலை பத்து மணிக்கு மர முட்டைகளின் மேல் உட்காருகிறான். மாலை ஐந்துக்கு எழுந்து பலகைக்கு வந்து நிற்கிறான். மாற்ற ஆள் வரவில்லை. இருட்டிய பிறகு மறுபடி உள்ளே போகிறான். ஐந்து நாளாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பந்தயத்தை நிறுத்த மாட்டேன். ஆனால் புறாக்காரர்களின் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேட்பேன். பறக்கவிடும் இடத்தில் இத்தனை தூரம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கூடை திறக்கலாம் என்று எழுத்தில் வேண்டும். காலை எட்டு மணிக்குள் மூட்டம் விலகாவிட்டால், லாரியைத் திருச்சிக்குக் கொண்டுவந்து அங்கிருந்து விட வேண்டும். மூன்றாவது இரவும் வேண்டாம், இருட்டும் வேண்டாம்.

கோட்டாறு புறாக்காரர்

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு லாரி மூன்று மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். பதினொன்றுக்கு மேல்தான் திறக்க முடியும். அந்த வெயிலில் 310 கிலோமீட்டர். கூட்டத்தில் நான் எதிர்த்துத்தான் பேசுவேன். கண்ணுக்குத் தெரியும் தூரத்தை எழுதி வைப்பது பற்றி மட்டும் யோசிக்கிறேன்.

அந்த நீலப் பட்டைப் பெட்டையின் வளையம் என்ன நிறம், எந்தக் காலில் என்று எழுது. கயத்தாற்றில் என் மைத்துனன் வீட்டு மாடியில் இரண்டு நாளாக ஒரு வந்தேறிப் புறா இறங்கி இரை தின்கிறதாம். பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.