பொருள்: ஆர்டிகுலேட்டர் – ‘மீட்டி’யா, ‘ஒப்பி’யா?

> தாடையின் அசைவை அப்படியே மீட்டுத் தருவதால் ‘தாடையசைவு மீட்டி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். பல் அச்சுகளைப் பொருத்தித் தாடை அசைவைப் போல அசைத்துப் பார்க்கும் ஆர்டிகுலேட்டர் கருவிக்குத் தமிழ்ப்பெயர் தேடும் பேச்சில், மேலே உள்ள கேள்விக்கு என் பதில் இது.

அந்த ‘அப்படியே’யில்தான் எனக்குச் சிக்கல். பல் லேபில் நாள் முழுக்க இந்தக் கருவியோடு உட்கார்ந்திருப்பவள் நான். அது அப்படியே தருவதில்லை.

நோயாளியின் மேல்தாடை, கீழ்த்தாடைப் பற்களின் மாதிரி அச்சுகளை பிளாஸ்டரால் இதில் பொருத்துகிறோம். வாயை மூடிக் கடிக்கும்போது எந்தப் பல் எங்கே தொடும் என்பதை நன்றாகவே காட்டும். தாடை நகரத் தொடங்கினால்தான் விலகல். தாடை முன்னே போகும்போது, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டுமுனை வளைந்த சரிவில் இறங்குகிறது. நாங்கள் புழங்கும் கருவிகள் பலவற்றில் அந்தத் தடம் நேர்கோடு. சராசரி அளவுக் கருவியில் சரிவை 30 பாகை என்று நிலையாக வைத்திருப்பது வழக்கம். சரிவு குறைந்தால் கடைவாய்ப்பற்கள் விலகுவதும் குறையும். நோயாளிக்கு 20 பாகைதான் என்றால், கருவியில் இடிக்காமல் விலகிப்போன கடைவாய்ப்பல் வாயில் இடிக்கும். பக்கவாட்டில் போகும்போது கீழ்த்தாடை மொத்தமாகவே சற்று நகர்கிறது என்பதை பிரிட்டிஷ் பல் மருத்துவர் நார்மன் பெனட் 1908இல் விளக்கினார். கீல் போலத் திறந்து மூடும் எளிய கருவியில் அந்த நகர்வுக்கு இடமே இல்லை. அப்புறம், உயிருள்ள பல் அழுத்தத்தில் தன் குழிக்குள் துளி அமிழும். அச்சில் இருக்கும் பல் அமிழாது. அதனால்தான் கருவியில் கச்சிதமாக உட்கார்ந்த கிரவுனையும் (பல்லுறை) மருத்துவர் வாயில், பல் தொடும் இடத்தைக் காட்டும் நிறத்தாள் வைத்துப் பார்த்துத் தேய்க்கிறார்.

ஆகவே பெயர், கருவி செய்யாததைச் செய்வதாகச் சொல்லக் கூடாது.

> ‘மூட்டி’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். ஆனால் தீ மூட்டுவதும் சண்டை மூட்டுவதும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

> ‘தாடைப்போலி’?

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அறம், அறன் ஆவதை இலக்கணம் ‘கடைப்போலி’ என்கிறது. அங்கே போலியில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒன்றின் இடத்தில் அதைப் போன்ற இன்னொன்று நிற்கிறது. இந்தக் கருவியும் அதுதான். ஆனால் ‘போலி மருத்துவர் கைது’ என்று செய்தி படிக்கும் மக்களிடம் அதைக் கொண்டுபோக மனம் வரவில்லை.

‘ஒப்புத்தாடை’ என்று நானே முதலில் எழுதி வைத்திருந்தேன். புற்றுநோயில் தாடையை இழந்தவருக்குப் பொருத்தும் செயற்கைத் தாடையோடு குழம்பும் என்று விட்டுவிட்டேன்.

‘தாடையொப்பி’ என்பது என் முன்மொழிவு. ஒத்திருக்கும், அதே அல்ல. கருவிப்பெயர் போலவும் ஒலிக்கிறது. கீல் ஒப்பி, சராசரி ஒப்பி, அரைத்திருத்த ஒப்பி (நோயாளிக்கேற்ப ஓரளவு மாற்றக்கூடியது), முழுத்திருத்த ஒப்பி (முழுதும் மாற்றக்கூடியது) என்று வகைகளும் தடையின்றி வருகின்றன.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூட்டுமுனை கீழ்ப்பகுதியிலும் அதன் குழி மேல்பகுதியிலும், நம் தாடையில் உள்ளபடியே அமைந்த வகையை ‘ஆர்கான்’ என்கிறார்கள். ஆர்டிகுலேட்டர், காண்டைல் (மூட்டுமுனை) இரண்டின் தலையையும் வெட்டி ஒட்டிய சொல் அது. ‘கீழ்முனை ஒப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?