கார் இல்லாமல் சுற்ற நாகையா, தரங்கம்பாடியா?

கேள்வி: அம்மாவோடு கடலோர ஊர் ஒன்றில் தங்கி, பஸ், ரயிலிலேயே வேளாங்கண்ணி, நாகூர், திருவாரூர் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி அதே அறைக்குத் திரும்ப வேண்டும். எங்கே தங்கலாம்?

பதில் 1: நாகப்பட்டினம்தான், யோசிக்கவே வேண்டாம். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பஸ் அடிக்கடி உண்டு, திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் ரயிலும் இருக்கிறது, போகிற வழியில் சிக்கல் சிங்காரவேலரையும் கும்பிட்டுவிடலாம்.

பதில் 2: அழகு என்றால் தரங்கம்பாடி, 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது. ஆனால் மயிலாடுதுறை ரயில் 1986-லேயே நின்றுபோச்சு, எல்லாத்துக்கும் பஸ்தான். நாகையிலிருந்து காரைக்கால் வழியாக ஒரு பகல் போய் வாருங்கள், போதும்.

பதில் 3: ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்த நாட்களைத் தவிருங்கள். அப்புறம், அம்மா வருவதால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அறை பாருங்கள்.