தொட்டால் சுரீர் என்கிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டொரண்டோவில் ஜனவரி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் கதவுப்பிடியை வெறுங்கையால் தொடுவதில்லை. கம்பளத்தில் நாலு எட்டு வைத்துவிட்டுத் தொட்டால் பட்டென்று நிலைமின்சாரப் பொறி. அடி உறைக்கிறது என்றாலே உடம்பில் சுமார் 3000 வோல்ட்டாவது ஏறியிருக்கும், மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம்கூட ஓடாததால் பிழைத்துக்கொள்கிறோம். மைனஸ் 10 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2.4 கிராம் நீராவிக்கு மேல் தங்காது, அதையே உள்ளே 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 11 சதவீதத்துக்கு விழுந்துவிடும். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வைத்து 40க்கு ஏற்றிய பிறகுதான் தொல்லை குறைந்தது. அது இல்லாதவர்கள் சாவியை இறுகப் பிடித்து அதன் நுனியால் முதலில் தொடுங்கள், பொறி சாவிக்குப் போகும், விரல் வலிக்காது.

---

கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை. எங்களுக்கு அடி பெரிய விஷயமில்லை, பஞ்சுதான் ஆட்டம் காட்டும். பங்குனி வெயிலில் ஹியூமிடிட்டி பிளான்ட் மக்கர் செய்தால், பாலியஸ்டர் ஓடும் மெஷினில் இழைகள் ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்த்துக்கொண்டு ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும், அறுத்து எடுத்தே கை ஓய்ந்துவிடும். ஈரப்பதம் 55, 60 சதவீதத்துக்கு வந்தால் அடங்கும். பருத்தி இந்த அளவு படுத்தாது, அது 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4தான். ஈரக்காற்று கரண்டை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார் எங்கள் மேஸ்திரி.

---

மேஸ்திரி சொல்வதைத்தான் பல பேர் நம்புகிறார்கள், ஆனால் காற்று அப்படிக் கடத்துவதில்லை. பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் நீர்ப்படலம்தான் மின்னூட்டத்தை மெல்லக் கசியவிடுகிறது. காற்றை உடைத்துப் பொறி பாய மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 வோல்ட் வேண்டும், ஈரம் கூடினால் அது குறைவதில்லை, கொஞ்சம் கூடவே செய்யும், நீராவி மூலக்கூறுகள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்வதால்.

நான் நாகப்பட்டினத்தில் பிசிக்ஸ் எடுக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வான் டி கிராஃப் மெஷினை (பெல்ட் ஓடி உலோகக் கோளத்தில் மின்னூட்டம் சேர்க்கும் கருவி) சுற்றினால், கோளத்தைத் தொடுபவர் தலையில் ஒரு முடிகூட எழும்பாது, பிள்ளைகள் சிரிப்பார்கள். ஹேர் டிரையரால் பெல்ட்டையும் கோளத்தைத் தாங்கும் குழாயையும் காயவைத்தேன், அவ்வளவுதான். அறையில் அதே மழைக்காற்று, ஜன்னல்கூடச் சாத்தவில்லை, பொறி பறந்தது.

கடலோரத்து உயரழுத்த மின்கம்பியிலும் (எச்.டி. லைன்) இதே சங்கதிதான். கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் உப்புப் படிந்திருந்தாலும் பகலில் சும்மா இருக்கும், விடியற்காலைப் பனி இறங்கியதும் உஸ்ஸென்று இரையும், முற்றினால் அதன் மேலேயே தீப்பொறி ஓடி லைன் டிரிப் ஆகிவிடும். பீங்கான் தட்டுகளுக்குக் குடை மாதிரி மடிப்பு வைப்பது அந்தக் கசிவு போகிற வழியை நீட்டத்தான்.