முழங்கால் மூட்டு மாற்றியபின் மனசுக்குள் பயிற்சி: எப்படிச் செய்ய வைப்பது?

கொடிமுல்லை:
அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்றி இன்று 6-ஆம் நாள். காலைத் தூக்கச் சொன்னால் தொடை இறுகவே மாட்டேன் என்கிறது. வழக்கமான பயிற்சியோடு, அதே அசைவை மனசுக்குள்ளும் செய்து பார்க்கச் சொன்னார் பிசியோ. கண்ணை மூடினால் அம்மா தூங்கிவிடுகிறார். எத்தனை தடவை, எப்படி?

தென்றல்வழி:
பெரும்பாலும் தசையில் கோளாறு இருக்காது, பயப்படாதீர்கள். வீங்கிய மூட்டிலிருந்து போகும் சேதி, முன்தொடைத் தசைக்கு வரும் கட்டளையைத் தண்டுவடத்திலேயே அமுக்கிவிடுகிறது. முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கு மேல்கூடக் குறையும். அசைவை நினைத்தாலே மூளையில் அசைவுக்கான பகுதிகள் வேலை செய்யும். மூட்டுக்குச் சுமை இல்லை. ஸ்லோவேனியாவில் நடந்த ஆய்வில், மூட்டு மாற்றியபின் 4 வாரம் இப்படி மனசுக்குள்ளும் செய்தவர்களுக்குத் தசையின் பலம் குறைவாகவே இழந்தது.

படுக்க வேண்டாம், காலை நீட்டி உட்காரட்டும். கண் திறந்தே இருக்கலாம். முதலில் இடது முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, 5 விநாடி நிஜமாக அழுத்தட்டும். முழங்கால் சில்லு மேலே இழுபடுவதையும் குதிகால் லேசாக எழும்புவதையும் கவனிக்கச் சொல்லுங்கள். உடனே அதே உணர்வை வலது காலில் 5 விநாடி நினைக்கட்டும், 5 விநாடி ஓய்வு. 10 தடவை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 10. நினைக்கும்போது தொடைமேல் கை வையுங்கள், தசை சும்மா இருக்க வேண்டும். முடிந்த கையோடு வலது காலை நிஜமாக இறுக்கச் சொல்லுங்கள்.

பலர் தவறுவது, தன்னையே டிவியில் பார்ப்பதுபோல் வெளியிலிருந்து பார்ப்பதில். உள்ளிருந்து உணர வேண்டும்.

நீலக்குறிஞ்சி:
நடையை நினைக்கும்போது கடிகாரம் பாருங்கள். கட்டிலிலிருந்து வாசல்வரை நிஜத்தில் 20 விநாடி, மனசில் 6 விநாடி என்றால் அடிகளை விழுங்குகிறார். வாக்கர், ஆபரேஷன் கால், நல்ல கால் என்ற வரிசை மனசிலும் மாறக்கூடாது. "தொடையை இறுக்குங்க" என்பதைவிட "சில்லுன்னு இருக்கிற சிமெண்டுத் தரையில குதிகால் முதல்ல படுது" என்று சொன்னால் சீக்கிரம் பிடிபடும்.

தூக்கத்துக்கு வலி மாத்திரையும் காரணமாகலாம். மயக்கம் தெளிந்த நேரத்தில் வையுங்கள்.

தென்றல்வழி:
ஒன்று விட்டுப்போனது: முழங்கால் மடங்குவதற்கு மனசுக்குள் செய்யும் பயிற்சியை மட்டும் நம்ப வேண்டாம். குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவதை நிஜமாகத்தான் செய்ய வேண்டும். தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம், மடங்கியபடியே இறுகிவிடும். கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.