ஞாயிறு ரேடியோ அரட்டை: கபடிக்கு எட்டு நிமிஷம்தானா?

மட்டிப்பழம் (திங்கள், காலை 9.10)

நேற்று, 2025 அக்டோபர் 26 சாயங்காலம், நம் குமரி மாவட்டத்தில் கேட்கும் ஒரு தனியார் எப்.எம்.மில் வழக்கமான விளையாட்டு அரட்டை வந்தது. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் நிருபர் யாரும் கிடையாது. விளையாடியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து அந்த வாரச் செய்தியை வைத்து வாதாடுவார்கள். லீக் கிரிக்கெட் ஆடிய ஒருவர், கடற்கரை ஊர்க் கால்பந்துக்காரர், கபடி ஆடிய ஒரு அக்கா, பளுதூக்கும் தம்பி ஒருவர். மொத்தம் ஒரு மணி நேரம்.

கடையில் கூட்டம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்தேன். சனிக்கிழமை சிட்னியில் ரோகித் 121, கோலி 74, இரண்டு பேரும் அவுட் ஆகவில்லை. இதற்கு முப்பத்தைந்து நிமிஷம் போயிற்று. ஆஸ்திரேலியாவிடம் ஒருநாள் தொடரை 2-1 என்று தோற்றதைப் பற்றி மூச்சே இல்லை. வியாழக்கிழமை பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடிக்கு இரண்டு தங்கம். பெண் பிள்ளைகள் இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று உருட்டி எடுத்தார்கள். கண்ணகி நகர் கார்த்திகா அதில் ஆடியவர். ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். இதற்கு எட்டு நிமிஷம், நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் வேறு.

விளையாட்டுக்காரர்களே நடத்தினாலும் இதுதான் கதி என்றால் எதற்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி?

பார்வதிபுரம் பாலம் (9.42)

அண்ணாச்சி, கேட்கிறவன் எதைக் கேட்கிறானோ அதைத்தானே போடுவார்கள்? கோலி பெர்த்தில் முட்டை, அடிலெய்டில் முட்டை, மூன்றாவது ஆட்டத்தில் 74. அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? “முட்டை வாங்கிய பிறகு முதல் ரன் ஓடும்வரை பேட் இரண்டு கிலோ கூடக் கனக்கும்” என்று அந்த கிரிக்கெட்காரர் சொன்னாரே, அந்த ஒரு வரிக்காகவே நான் கேட்டேன்.

பழைய ரைடர் (10.25)

எட்டு நிமிஷம் என்று அண்ணாச்சி வருத்தப்படுகிறார். நான் அந்த எட்டு நிமிஷத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். திருவட்டாறு பக்கம் மண் களத்தில் ஆடியவள் நான். டி.வி.யில் இதுவரை யாரும் எனக்குச் சொல்லாததை அந்த அக்கா சொன்னார்.

75-21 என்றதும் ஈரான் ஒன்றும் இல்லாத அணி என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கபடியில் ஏழு பேரும் வெளியேறிவிட்டால் ஆல் அவுட், எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதல். உடனே ஏழு பேரும் திரும்ப உள்ளே வருவார்கள். ஆள் வரும், மனசு வராது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கை கோத்து ரைடரை மடக்கும் சங்கிலி சேராது. அடுத்த ஆல் அவுட் முதலாவதைவிடச் சீக்கிரம் வரும். புள்ளி அப்படித்தான் எகிறும்.

அப்புறம் போனஸ் கோடு, எதிரணிக் களத்தில் ரைடர் தாண்டினால் ஒரு புள்ளி தரும் கோடு. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கிடைக்கும். ஐந்தாகிவிட்டால் தொட்டால்தான் புள்ளி. அதனால் ரைடர் கோட்டையே பார்க்காமல் ஆளைப் பார்த்துப் போவாள், பாடிப் போகும் வேகமே மாறிவிடும். மண்ணில் வளர்ந்த பிள்ளை மேட் விரித்த களத்துக்குப் போனால் முதல் மாதம் முழங்கால் தோல் உரியும், ஷூ போட்டு வெட்டித் திரும்ப வராது. இதையெல்லாம் ஆடியவள்தான் சொல்ல முடியும். ரோகித்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் கொடுத்ததில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஆரல்வாய் காற்று (11.03)

அக்கா, நுணுக்கத்தை அவர்கள் சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? கேள்வியை யார் கேட்பது என்பதுதான் என் கவலை.

நேற்று கால்பந்துக்காரரிடம் ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து பற்றிக் கேட்டார்கள். ஜூலையில் லீக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு கிளப் சம்பளத்தையே நிறுத்தியது. சனிக்கிழமைதான் கோவாவில் சூப்பர் கப்பாவது தொடங்கியது. இவ்வளவு இருக்க, அவர் சொன்ன பதில்: “எல்லாம் நல்லபடியாக நடக்கும்.” மற்ற மூன்று பேரும் “ஆமாம் ஆமாம்” என்றார்கள். பாட்டு போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு நிருபர் உட்கார்ந்திருந்தால் விட்டிருப்பாரா? தன் விளையாட்டைத் தானே விமர்சிக்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்?

கோல்போஸ்ட் சின்னத்துறை (11.40)

தம்பி, அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம், அதில் கிடைத்த அரசு வேலை. நடத்தை விதி இருக்கிறது, மேலே அதிகாரி இருக்கிறார். வீட்டில் இன்னும் இரண்டு தம்பிகள் டீம் செலக்‌ஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீயும் நானும் இங்கே புனைபெயரில் எழுதுகிறோம். அவர் குரலை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும்.

வாயைத் திறந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2023-ல் மல்யுத்தப் பிள்ளைகள் சம்மேளனத் தலைவர் மேல் பாலியல் புகார் சொல்லி டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். டிசம்பரில் சாக்‌ஷி மாலிக் ஷூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விளையாட்டையே விட்டார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கே அப்படி என்றால் எங்கள் ஊர்க்காரன் எம்மாத்திரம்?

இரையுமன்துறை முதல் நீரோடி வரை எட்டு ஊர். கடல் மணலில் பந்து உருட்டாத வீடு குறைவு. இரவிபுத்தன்துறை சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று கிளப் கிளப்பாகப் போனார். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அப்படி ஒரு காயம் ஆளை என்ன செய்யும் என்று நேற்றைய கால்பந்துக்காரர் இரண்டு வாரம் முன்பு சொன்னார்: கால் சரியான பிறகும் அடிபட்ட ஆள் ஆறு மாதம் டேக்கிள் வரும்போது கண்ணை மூடிக்கொள்வாராம். நிருபர் கேட்டிருந்தால் “மீண்டு வந்தது எப்படி?” என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஆரல்வாய் காற்று (11.58)

அண்ணே, நீங்கள் சொல்வதும் என் கட்சிதான். பேச முடியாதவரை மைக் முன்னால் உட்கார வைத்து “விவாதம்” என்று ஏன் பேர் போட வேண்டும்? அனுபவப் பகிர்வு என்று போடட்டும். நான் சண்டைக்கே வரமாட்டேன்.

ரப்பர்பால் (12.15)

குலசேகரத்துக்கு மேலே எனக்கு வேறு பிரச்சினை. நேற்று மழை. கபடி பேச்சு ஆரம்பித்ததும் அந்த இடத்தில் திருவனந்தபுரம் ஸ்டேஷன் ஏறிக்கொண்டது. எட்டு நிமிஷமும் மலையாளப் பாட்டு. கோலி பேச்சு மட்டும் சுத்தமாகக் கேட்டது. இதில் ஏதோ சதி இருக்கிறது.

பழைய ரைடர் (12.31)

ரப்பர்பால், பதிவை அனுப்புகிறேன்.

காற்று தம்பிக்கு: நிருபர் இருந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறீர்கள். 2024 ஆகஸ்டில் பாரீஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வினேஷ் போகத்துக்கு எடை 100 கிராம் கூடிப்போன அன்று எத்தனை சேனல், எத்தனை நிருபர்! சதி, கவனக்குறைவு, அரசியல் என்று ராத்திரி முழுக்கக் கத்தினார்கள். போன மாதம் இந்தப் பளுதூக்கும் தம்பி பத்தே நிமிஷத்தில் விளக்கினார். முதல் நாள் காலை எடை சரியாக இருக்கும். மூன்று சண்டை போடும்போது தண்ணீர் குடித்தாக வேண்டும், சாப்பிட்டாக வேண்டும், எடை ஏறும். மறுநாள் காலை திரும்ப எடை பார்ப்பார்கள். இடையில் ஒரு ராத்திரிதான். ஓடி, ஆவி அறையில் உட்கார்ந்து, கடைசியில் முடியைக் கூட வெட்டிப் பார்த்தார்கள். “உதட்டை நனைக்கக்கூடப் பயமாக இருக்கும்” என்றார் தம்பி. அவரும் பட்டவர் போல.

ஆரல்வாய் காற்று (12.50)

அது நல்ல பகுதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உடம்பு பற்றியது. நிர்வாகம், பணம், தேர்வு என்று வந்தால்தான் இவர்கள் வாயில் கொழுக்கட்டை. நம் கடையாலுமூடு சமீஹா பர்வீனை எடுத்துக்கொள்ளுங்கள். செவித்திறன் இல்லாதவர்களுக்கான உலகத் தடகளத்துக்குத் தகுதி பெற்றும் பட்டியலில் பேர் இல்லை. 2021-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் போலந்துக்கு விமானம் ஏறினார். இந்த மாதிரி விஷயத்தை இந்த நாலு பேர் பேசி நான் கேட்டதில்லை.

கோல்போஸ்ட் சின்னத்துறை (1.05)

அங்கே தேவைப்பட்டது வக்கீல். நிருபர் இல்லையே!

பார்வதிபுரம் பாலம் (1.20)

தனியார் எப்.எம்.மில் சொந்தமாகச் செய்தி போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே? அந்தப் பயத்தில்தான் நிர்வாகம் பக்கம் போகாமல் இருப்பார்கள்.

ஒலிபெருக்கி (2.10)

பாதி சரி. நான் கொஞ்ச காலம் ரேடியோவில் வேலை பார்த்தவன். தனியார் எப்.எம். சொந்தமாகச் செய்தி அறிக்கை வாசிக்க முடியாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் 2011-ல் வந்த மூன்றாம் கட்ட எப்.எம். கொள்கையில் விளையாட்டுத் தகவலைச் செய்திக் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்கோர் சொல்லலாம், அலசலாம். நேரடி ஒலிபரப்புதான் கிடையாது. அதிலும் ஒரு விலக்கு உண்டு: உள்ளூர் அளவிலான போட்டிக்கு நேரடி வர்ணனை செய்ய அனுமதி கிடைக்கும்.

இதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. சிட்னி ஆட்டத்தை அவர்கள் நேரடியாகச் சொல்ல முடியாது, தூத்தூர் கால்பந்து பைனலைச் சொல்லலாம். நீங்களோ ரோகித்துக்கு எத்தனை நிமிஷம், கார்த்திகாவுக்கு எத்தனை நிமிஷம் என்று காலையிலிருந்து பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறந்தது நம் நாகர்கோவிலில்தான், 1984 அக்டோபர் 30. வருகிற வியாழனோடு 41 வருஷம்.

கோல்போஸ்ட் சின்னத்துறை (2.22)

இது நல்ல யோசனை! கிறிஸ்துமஸ் கழிந்து எங்கள் பக்கம் ஆட்டம் சூடுபிடிக்கும். ஆழ்கடல் போன படகுகள் பண்டிகைக்குத் திரும்பியிருக்கும், மணலில் நிற்க இடம் இருக்காது. நேற்றைய கால்பந்துக்காரரை வர்ணனைக்கு உட்கார வைத்துப் பாருங்கள். யாருக்கும் பயப்படாமல் பேசுவார். ரெப்ரியை மட்டும் கொஞ்சம் திட்டுவார்.

ஆரல்வாய் காற்று (2.30)

ரெப்ரியைத் திட்டினாலும் விமர்சனம்தான். நான் கேட்பேன்.

பழைய ரைடர் (2.41)

பொங்கல் கபடிக்கு நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் காசு போதும்.

மட்டிப்பழம் (3.15)

சரி, நிகழ்ச்சி வேண்டாம் என்ற பேச்சை வாபஸ் வாங்குகிறேன். அவர்கள் நம்பருக்கு அரை மணி நேரமாக அடிக்கிறேன், லைன் பிஸி. கிடைத்தால் என் கடை விளம்பரம் தருவதாகச் சொல்லப் போகிறேன். ஒரே நிபந்தனை, அடுத்த வாரம் கபடிக்கு இருபது நிமிஷம்.

பார்வதிபுரம் பாலம் (3.20)

அண்ணாச்சி, உங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பது கோலி படம்தானே?

மட்டிப்பழம் (3.24)

அது காலண்டர். சோடா கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தான்.