இழை: செதாக்காவுக்குத் தமிழ் – ‘நீதி’ என்றே விட்டுவிடலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வேதாகமத்தின் ஏசாயா புத்தகத்தில் 40 முதல் 66 வரையான அதிகாரங்களுக்கு மாணவர் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது: எபிரேயத்தில் செதாக்கா. நம் பழைய வேதாகமம் ‘நீதி’ என்கிறது.

போன வாரம் வகுப்பில் 51:5 வாசிக்கச் சொன்னேன். “என் நீதி சமீபமாயிருக்கிறது, என் இரட்சிப்பு வெளிப்படும்.” என்ன புரிந்தது என்று கேட்டால், கடைசி வரிசைப் பையன், “தீர்ப்பு நாள் வரப்போகுது, ஒழுங்கா இருங்கன்னு மிரட்டுறார் மிஸ்” என்கிறான். பின்பாதி அவன் காதில் விழவே இல்லை. கி.மு. 586இல் எருசலேம் விழுந்து பாபிலோனில் கிடந்தவர்களுக்கு அது மிரட்டலா? ஊருக்குப் போகலாம் என்கிற சேதி அல்லவா! 46:13, 56:1 இரண்டிலும் இதே இணைதான். செதாக்காவும், இரட்சிப்பு என்கிற யெஷுவாவும், இல்லையென்றால் அதே வேர்களின் கிளைச் சொற்களும், தோளோடு தோள் வருகின்றன.

‘விடுவிக்கும் நீதி’ என்று போட்டுப் பார்த்தேன். அடுத்த அடியில் இரட்சிப்பு வந்ததும் கூறியது கூறல் ஆகிவிடுகிறது. ஒற்றைச் சொல் வேண்டும். கைகொடுங்கள்.
– ம.

*

அம்மா, செதாக்காவை ‘ட்ஸ’ என்று தொடங்காமல் விட்டீர்கள், நன்றி. டகரம் மொழிமுதல் வராது. ககரத்தை இரட்டித்ததும் சரியே.

இனிச் சொல்லுக்கு வருவோம். நீதி, இரட்சிப்பு இரண்டும் வடசொல். நம்மிடம் இல்லாமலா கடன் வாங்கினோம்? நடுவுநிலைமை அதிகாரத்தைத் திறங்கள்: “செப்பம் உடையவன் ஆக்கஞ் சிதைவின்றி எச்சத்திற் கேமாப்பு உடைத்து.” செப்பம் செதாக்கா, பாதுகாப்பு என்கிற ஏமாப்பு யெஷுவா. உங்கள் இணை ஒரே குறளில் கிடக்கிறது. செம்மை என்பது நேர். எபிரேய வேருக்கும் நேர் என்றே பொருள் சொல்வார்கள். செ–தாக்கா, செ–ப்பம். முதலெழுத்து ஒத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.
– இ.

*

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் “எங்கள் ஏமாப்பின் தேவனே” என்று ஜெபத்தைத் தொடங்கினால், பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சீட்டுப் பணத்தில் ஏமாந்ததுதான் ஞாபகம் வரும். செப்பம் என்றால் ரோடு செப்பனிடுகிற வேலை. நீதி என்ற சொல் எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் தெரியும். அவருக்குத் தெரியாத சொல்லை வைத்துக்கொண்டு யாரை விடுவிக்கப் போகிறோம்?
– சு.

*

இ. ஐயா, தற்செயலேதான். அது எபிரேயத்தின் ஸாதே எழுத்து, நம் சகரம் அல்ல.

வேர் ஆராய்ச்சியை விட, சொல் புழங்கும் இடங்களைப் பார்ப்பது பயன்படும். நியாயாதிபதிகள் 5இல் தெபொராள் பாட்டில் இந்தச் சொல் பன்மையில் வருகிறது. கிணற்றடியில் ஜனங்கள் கர்த்தருடைய ‘செதாக்கா’க்களைச் சொல்லிச் சொல்லிப் பாடுகிறார்கள். குணத்தை யாராவது எண்ணிப் பாடுவார்களா? அவர் செய்து முடித்த காரியங்கள் அவை, போர்க்கள வெற்றிகள்.

இதே வேரின் வினைச்சொல் வருகிற இன்னோர் இடம் ஆதியாகமம் 38. யூதாவின் மருமகள் தாமார் இரண்டு புருஷர்களை இழந்தவள். மூன்றாம் மகனைக் கட்டிவைக்கிறேன் என்று சொன்ன மாமனார் காலம் கடத்துகிறார். அவள் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்து, அவராலேயே கர்ப்பமாகிறாள். எரித்துவிடுங்கள் என்றவர், தன் முத்திரை மோதிரத்தைக் கண்டதும் “என்னிலும் அவள் நீதியுள்ளவள்” என்கிறார். நம் ‘நீதி’க்கு இங்கே என்ன வேலை? உறவு கேட்கிற கடனை அவள் செய்தாள், அவர் செய்யவில்லை. அவ்வளவுதான். செதாக்காவை அளக்கிற கோல் சட்டப் புத்தகத்தில் இல்லை, உறவில் இருக்கிறது. ஃபான் ராட் போன்ற அறிஞர்கள் வலியுறுத்தியதும் இதைத்தான்.
– தா.

*

நான் கிழக்கிலங்கைப் பக்கம். எங்கட வீட்டில உம்மா வெள்ளிக்கிழமையில சில்லறையை எடுத்துவைத்து ‘ஸதகா’ என்பா. அந்த அரபுச் சொல்லும் உங்கட செதாக்காவும் ஒரே வேர்தானே? அங்க தருமம் எண்டாகிப்போன சொல் இங்க எப்படித் தீர்ப்பாச்சுது?
– ஜ.

*

ஒரே வேர்தான். இன்றைய யூதர்களுக்கும் அது தருமம். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களே ஏசாயா 1:27, 28:17 போன்ற சில இடங்களில் நீதிக்கான வழக்கமான சொல்லை விட்டுவிட்டு, இரக்கம், ஈகை என்ற பொருளுள்ள சொல்லைப் போட்டார்கள். அவர்களுக்கும் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமைக் கெடு இருந்திருக்கும்.
– தா.

*

நேற்றிரவு தூக்கமில்லை. செப்பத்தைக் கைவிடுகிறேன். தாமார் கதை என்னை வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டது.

முறை.

“அவள் உனக்கு என்ன முறை?” என்று கேட்கிறோம். அது உறவு. “முறையாகச் செய்தான்” என்கிறோம். அது ஒழுங்கு. அரசன் செய்வதும் முறை. “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்.” முறைசெய்தல், காப்பாற்றுதல், இறை. தீர்க்கதரிசி இரண்டு அடியில் சொன்னதை வள்ளுவர் ஒன்றே முக்கால் அடியில் சொல்லிவிட்டார். இனி என்ன வேண்டும்?
– இ.

*

ஐயா, புல்லரித்துவிட்டது. உடனே 5:7ஐ எடுத்துப் பார்த்தேன். திராட்சத்தோட்டப் பாட்டின் முடிவு. மிஷ்பாத்துக்கு, அதாவது நியாயத்துக்குக் காத்திருந்தார், கிடைத்தது மிஸ்பாக், கொடுமை. செதாக்காவுக்குக் காத்திருந்தார், கிடைத்தது செஆக்கா, கூக்குரல். ஓர் எழுத்து புரண்டதும் வாழ்வு புரண்டுவிடுகிறது. தமிழில் “நீதிக்குக் காத்திருந்தார், இதோ, முறைப்பாடு” என்று ஓசையில்லாமல் கிடக்கிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பாதியைக் கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள் பாருங்கள்! முன்னால் ‘முறை’ என்று போட்டால் போதும்: முறைக்குக் காத்திருந்தார், இதோ, முறைப்பாடு.
– ம.

*

முதல் பாதிக்கு: கோல் நோக்கினார், கண்டது கொலை. “மன்னவன் கோல்நோக்கி வாழுங் குடி.”
– இ.

*

பொலிஸில குடுக்கிறதை நாங்கள் இண்டைக்கும் முறைப்பாடு எண்டுதான் சொல்லுறம். எனக்கு உடனே விளங்கிச்சு.
– ஜ.

*

எங்கள் பக்கம் முறைசெய்வது தாய்மாமன் வேலை. தட்டு, பட்டுச்சேலை, காதுகுத்துக்கு ஆட்டுக்கிடா. “கர்த்தர் முறைசெய்வார்” என்றால் எத்தனை பவுன் என்று கேட்பார்கள்.
– சு.

*

விளையாட்டை விடுங்கள், எனக்கு உண்மையிலேயே ஒரு தடை இருக்கிறது. இ. ஐயா காட்டாத குறள் ஒன்று: “ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை.” வள்ளுவரின் முறைக்குக் கண்ணோட்டம், அதாவது இரங்கி ஒரு பக்கம் சாய்வது, ஆகாது. ஏசாயாவின் தேவனோ கண்ணோடுகிறவர். நொறுங்கிக் கிடக்கிற ஒரு ஜனத்தின் பக்கம் சாய்ந்து, அவர்களுக்காகக் கோரேஸ் என்கிற பாரசீக ராஜாவையே எழுப்பி (45:13), கிரயமில்லாமல் விடுவிக்கிறார். அந்தச் சாய்வுதான் அங்கே செதாக்கா. துலாக்கோலை நேராகப் பிடிப்பவனைக் காட்டும் சொல்லை இதற்கு வைப்பது சரியா?
– தா.

*

சாய்ந்து கிடக்கிற கோலை நேராக்க எதிர்ப்பக்கம் சாய்க்கத்தானே வேண்டும்?
– இ.

*

அது உவமை ஐயா, பதில் இல்லை.
– தா.

*

இன்று வகுப்பில் ‘முறை’யைப் பரிசோதித்துவிட்டேன். கரும்பலகையில் “என் முறை சமீபமாயிருக்கிறது” என்று எழுதி, அதே பையனை எழுப்பினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “கேரம்போர்டுல மாதிரியா மிஸ்? அடுத்தது கடவுளோட டர்னா?” என்றான். வகுப்பே சிரித்தது. சாக்பீஸை வைத்துவிட்டேன்.

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். குழுமத்தில் ‘நீதி’க்கு நான்கு பேர், ஆசைப்பட்டுக்கொண்டே நானும் அதில்தான். ‘முறை’க்கு ஒருவர். ஆகவே பாடத்தில் ‘நீதி’. முதல் பக்கத்தில், இந்த நீதி தண்டிக்க வரவில்லை, மீட்க வருகிறது என்று மூன்று வரி. 5:7க்கு மட்டும் அடிக்குறிப்பில் முறையும் முறைப்பாடும். யெஷுவாவுக்கு இரட்சிப்பே இருக்கட்டும். மீட்பு அடகு நகைக்கும் ஆகிற சொல், அதை வேறொரு எபிரேயச் சொல்லுக்கு எடுத்துவைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி. இழையை முடித்துக்கொள்ளலாம்.
– ம.

*

என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளவும்.

அந்தப் பையன் தவறாகச் சொல்லவில்லை அம்மா. ஏறத்தாழ ஐம்பது வருஷம் பாபிலோன்காரன் அடித்து ஆடினான். இனி அவருடைய முறை. 51:5 அதைத்தானே சொல்கிறது?
– இ.